மின்வேலிக்கு எந்த பேட்டரி? கேட்டு விற்க வேண்டிய சரக்கு

மளிகைக் கடைக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று நம் சங்க உறுப்பினர்கள் சிலர் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கேட்கக்கூடும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். அந்த ஊர்களில் மளிகைக் கடை என்றால் பருப்பும் புளியும் மட்டும் அல்ல. தவிடு, பிண்ணாக்கு, கயிறு, மண்வெட்டிக் காம்பு, டார்ச் லைட் எல்லாம் சேர்ந்ததுதான் கடை. சில ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் சோலார் வேலிச் சாமான்களும் சேர்ந்துவிட்டன. கம்பி, இன்சுலேட்டர், வேலி மெஷின், பேனல், பேட்டரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறார்கள். இவற்றில் கம்பியையும் இன்சுலேட்டரையும் கண்ணால் பார்த்து விற்றுவிடலாம். பேட்டரியை அப்படி விற்க முடியாது. விற்ற மூன்றாம் மாதம் அது கடைக்கே திரும்பி வரும், கூடவே சண்டையும் வரும்.

இந்தத் தேவை ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கொங்கு நாட்டில் மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடுகள் இந்தப் புல்லில் வளர்ந்தவைதான். கிளுவை வேலி நன்றாக இருந்தவரை வேறு வேலி தேவைப்படவில்லை. ஆனால் அதை ஆண்டுதோறும் வெட்டிக் கட்டிப் பராமரிக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் போய், வேலியில் சந்து விழுந்தது. வெள்ளாடு சந்தில் புகுந்து பக்கத்துக் காட்டு வெள்ளாமையை மேய்ந்தால் பங்காளிச் சண்டை. அதைவிடப் பெரிய தொல்லை வெளியிலிருந்து வருகிறது. 2024, 2025 ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து செம்மறி ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து போராடியதும் நமக்குத் தெரியும். ஒரே இரவில் பத்து ஆடு போனால் ஒரு குடும்பத்தின் ஆறு மாதப் பிழைப்பு போயிற்று. அப்படி அடிபட்டவர்தான் மறுநாள் காலையில் நம் கடைக்கு வந்து நிற்கிறார்.

"ஏனுங்க முதலாளி, ஷாக் வேலி போடோணும். நல்ல பெரிய பேட்டரியாப் பார்த்து ஒண்ணு குடுங்க" என்று கேட்பார். எங்கள் கடையில் இதற்குப் பதிலாகப் பேட்டரியை எடுத்து வைப்பதில்லை. நான்கு கேள்விகள் கேட்கிறோம். மெஷின் எது, எத்தனை ஜூல்? இரவு மட்டும் ஓடுமா, பகலிலுமா? பேனல் எத்தனை வாட்? பேட்டரி வைக்கும் இடத்தில் நிழல் இருக்கிறதா? இந்த நான்குக்கும் விடை இல்லாமல் பேட்டரி விற்பது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது மாதிரி.

மெஷின் செய்யும் வேலை

வேலி மெஷின் பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து, ஏறத்தாழ வினாடிக்கு ஒரு தடவை பல ஆயிரம் வோல்ட் துடிப்பாகக் கம்பியில் விடுகிறது. அந்தத் துடிப்பு இருப்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான். சுளீர் என்று அடித்துவிட்டு நின்றுவிடும். அடுத்த துடிப்பு வருவதற்குள் ஆடோ நாயோ மனிதனோ விலகிவிடலாம். மாட்டுக்குக் கம்பியில் இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட் இருந்தால் போதும். வெள்ளாட்டுக்கும் நாய்க்கும் நாலாயிரம் வோல்ட்டாவது இருக்க வேண்டும். மெஷினின் பலத்தை வோல்ட்டில் சொல்வதைவிட ஜூலில் சொல்வதே சரி. ஒரு துடிப்பில் எவ்வளவு ஆற்றல் போகிறது என்பதன் அளவு அது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலியைப் பாதுகாப்பாக வைத்திருப்பது பேட்டரி அல்ல, மெஷின்தான். பேட்டரி என்றால் ஆபத்தில்லை என்று நினைத்துக்கொண்டு, வீட்டு இன்வெர்ட்டரில் பேட்டரியை மாட்டி அதிலிருந்து வரும் 230 வோல்ட்டைக் கம்பிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அது வீட்டு லைனைக் கம்பியில் கொடுப்பதற்குச் சமம். அந்த மின்சாரம் விட்டு விட்டு வராது, தொடர்ந்து ஓடும். தொட்டவனின் தசை இறுகிக்கொள்ளும், கையை எடுக்க முடியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்தன, நிலத்துக்காரர் கைதானார். யானைக்கே அந்தக் கதி என்றால், இரவில் தண்ணீர் கட்டப் போகும் பக்கத்துக் காட்டுக்காரர் எம்மாத்திரம்? நம்மிடம் சாமான் வாங்குபவர் பேச்சுவாக்கில் லைனைக் கொடுக்கப் போவதாகச் சொன்னால், அவருக்கு ஒரு சுருள் கம்பி கூட விற்கக் கூடாது என்பது எங்கள் கடையின் முடிவு. அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம்.

மெஷின் வாங்கும்போது ஐ.எஸ். 302-2-76 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி செய்தது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மின்வேலி மெஷினுக்கென்றே உள்ள தரம் அது. தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த மின்வேலி பதிவு, ஒழுங்குமுறை விதிகளும் அந்தத் தரத்தையே கேட்கின்றன. காப்புக் காட்டு எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால், சோலார் வேலியானாலும் புதிதாகப் போடும் முன் வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், ஏற்கெனவே போட்டதையும் பதிவு செய்ய வேண்டும். சத்தியமங்கலம், அந்தியூர், உடுமலை மலையடிவாரத்துக் கடைக்காரர்கள் இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எந்த வகை பேட்டரி

கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "டிராக்டர் பேட்டரி ஒண்ணு சும்மா கெடக்குது, அதை மாட்டிக்கலாங்களா?"

வண்டி பேட்டரியும் சோலார் பேட்டரியும் வெளியே பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே வேறு. வண்டி பேட்டரியின் வேலை, செல்ப் அடிக்கும்போது இரண்டு மூன்று வினாடிக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுப்பது. அதற்காக மெல்லிய பிளேட்டுகளை நெருக்கி அடுக்கியிருப்பார்கள். வண்டி கிளம்பியதும் டைனமோ அதை நிரப்பிவிடும். அதனால் அது எப்போதும் நிறைந்தே இருக்கும், அப்படி இருக்கத்தான் அதைச் செய்கிறார்கள். மின்வேலியோ அதற்கு நேர் எதிர். கால் ஆம்பியர், அரை ஆம்பியர் என்று துளித்துளியாக இரவெல்லாம் உறிஞ்சும். மழைக்காலத்தில் நாலைந்து நாள் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போகும். மெல்லிய பிளேட் இப்படி அடிமட்டம் வரை இறங்கி ஏறுவதைச் சில பத்துத் தடவைக்கு மேல் தாங்காது. மாவு உதிர்ந்து அடியில் தங்கிவிடும்.

டியூபுலர் பேட்டரியில் பாசிட்டிவ் பக்கத்து மாவை உறை போன்ற குழாய்களுக்குள் அடைத்திருப்பார்கள். எளிதில் உதிராது. பாதி வரை இறங்கி ஏறுவதை ஆயிரம் தடவைக்கு மேலும் தாங்கும். நீண்டகால வேலிக்கு ஈய பேட்டரிகளில் இதுதான் சரியான சரக்கு. எடை அதிகம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். இந்த இரண்டு தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டால் உழைக்கும்.

ஆனாலும் டிராக்டர் பேட்டரியை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பேனல் போதுமானதாக இருந்து, ஒவ்வொரு நாளும் பத்தில் ஒரு பங்கு மட்டும் இறங்கி மறுநாள் நிறைந்துவிட்டால் அதுவும் ஓடும். கையில் இருப்பதை வைத்து ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கட்டும். புதிதாகக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு வண்டி பேட்டரியை விற்பதுதான் தவறு. அந்தப் பேட்டரியின் வாரண்டி அட்டையையும் படித்துப் பாருங்கள். வண்டிக்கு அல்லாத உபயோகத்துக்கு வாரண்டி இல்லை என்று பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும்.

மூன்றாவது, யு.பி.எஸ்.களில் வரும் எஸ்.எம்.எப். வகை. தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாய்த்து எடுத்துச் செல்லலாம். பட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் கிடை ஆட்டுக்காரர்களுக்கு 7 ஏ.எச். முதல் 26 ஏ.எச். வரையுள்ள இவை வசதி. வெயிலும் அதிக சார்ஜும் இதற்கு ஆகவே ஆகாது. உள்ளே இருக்கும் ஈரம் போனால் திரும்ப ஊற்ற வழியில்லை.

நான்காவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஈய பேட்டரியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஐந்தில் நாலு பங்கு வரை தைரியமாக இறக்கலாம், இரண்டாயிரம் தடவைக்கு மேல் தாங்கும். விலை கூடுதல் என்றாலும் ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் கட்டுபடியாகும் என்றே நினைக்கிறோம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சார்ஜ் கன்ட்ரோலரில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்க வேண்டும். பழைய ஈய பேட்டரி கன்ட்ரோலரில் மாட்டிவிட்டு நிறையவில்லை என்று சொல்லக் கூடாது. அடுத்து, பழைய ஸ்கூட்டர் செல்களைப் பிரித்து ஒட்டி, பெயர் இல்லாத பெட்டியில் போட்டுக் குறைந்த விலைக்குக் கொண்டு வருகிறார்கள். உள்ளே பாதுகாப்பு போர்டு இருக்கிறதா என்பதே தெரியாது. காய்ந்த புல் நடுவே வைக்கும் பொருள் அது. எவ்வளவு கமிஷன் தருவதாகச் சொன்னாலும் அந்தச் சரக்கை நம் கடைக்குள் விடக்கூடாது.

எத்தனை ஏ.எச்.

கணக்கு கடினமானது அல்ல. கடைக் கணக்கு எழுதுகிற நமக்கு இது கால் மணி நேர வேலை.

வினாடிக்கு ஒரு துடிப்பு, துடிப்புக்கு ஒரு ஜூல் என்றால் அது ஒரு வாட். மெஷினுக்குள் வீணாவதையும் சேர்த்து ஒன்றரை வாட் என்று வையுங்கள். 12 வோல்ட்டால் வகுத்தால் 0.12 ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே ஜூலுக்கு 0.125 ஆம்பியர் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். மெஷின் பெட்டியிலேயே எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், அது இன்னும் துல்லியம்.

ஐந்து ஏக்கர் கொறங்காட்டை எடுத்துக்கொள்வோம். சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 570 மீட்டர். ஐந்து வரிசைக் கம்பி என்றால் மூவாயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதற்கு இரண்டு ஜூல் மெஷின் தாராளம். அது கால் ஆம்பியர் எடுக்கும். இரவு பகல் 24 மணி நேரம் ஓடினால் நாளைக்கு 6 ஏ.எச். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் ஐந்து நாள் வெயில் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நாளுக்கு 30 ஏ.எச். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, எனவே இரு மடங்கு, 60 ஏ.எச். வாங்க வேண்டிய பேட்டரி அவ்வளவுதான். லித்தியமாக இருந்தால் 40 ஏ.எச். போதும்.

சின்னக் கணக்கு ஒன்று. இருபது ஆடு அடையும் பட்டி, ஒரு ஜூலுக்கும் குறைவான சிறு மெஷின், 100 மில்லி ஆம்பியர், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை மட்டும். ஒரு இரவுக்கு 1.2 ஏ.எச். இதற்கு 7 ஏ.எச். பேட்டரி பாதி இறங்கும் வரை மூன்று இரவு வரும், 12 ஏ.எச். என்றால் ஐந்து இரவு. விலை வித்தியாசம் பெரிதில்லை, 12 ஏ.எச். கொடுங்கள்.

ஏ.எச். எழுதியிருப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில பேட்டரியில் சி-10 என்றும் சிலவற்றில் சி-20 என்றும் இருக்கும். பத்து மணி நேரத்தில் இறக்கினால் கிடைக்கும் அளவு முன்னது, இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது பின்னது. ஈய பேட்டரி மெதுவாக இறக்கினால் கூடத் தரும். அதனால் சி-10 கணக்கில் 100 ஏ.எச். என்பது சி-20 கணக்கில் 100 ஏ.எச். என்பதைவிடப் பெரிய பேட்டரி. விலை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காமல், இரண்டும் நூறுதானே என்று மலிவானதைக் கொள்முதல் செய்தால் ஏமாறுவது நாம்தான்.

பெரிய பேட்டரி கேட்கிறவருக்கு என்ன சொல்வது

இதுதான் இந்தக் கட்டுரையில் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. "150 ஏ.எச். போட்டுட்டா ரெண்டு வாரத்துக்குக் கவலையில்லீங்களே" என்பார் வாங்குபவர். நமக்கும் பெரிய பில். மறுக்க மனம் வராது. ஆனால் பேட்டரி தானாக மின்சாரம் விளைவிப்பதில்லை. அது தொட்டி, பேனல்தான் ஊற்று. ஊற்று சின்னதாக இருக்கும்போது தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் தொட்டி நிறையாது.

முன் சொன்ன ஐந்து ஏக்கரில் 40 வாட் பேனல் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அது நல்ல வெயிலில் 2.2 ஆம்பியர் தரும். நாளைக்கு நாலு மணி நேர முழு வெயில் என்று கணக்கிட்டால் 8.8 ஏ.எச். வேலிக்கு 6 போக மீதி 2.8; பேட்டரியில் ஏறும்போது வீணாவது போக 2 மிஞ்சும். இப்போது 150 ஏ.எச். பேட்டரி மழைக்காலத்தில் பாதி இறங்கிவிட்டது, அதாவது 75 ஏ.எச். குறைந்துவிட்டது. நாளைக்கு இரண்டு வீதம் ஏறினால் நிறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஈய பேட்டரி குறையாக நிற்கும் ஒவ்வொரு நாளும் பிளேட்டில் வெள்ளையாக சல்பேட் படிந்து இறுகுகிறது. நாளானால் அது கரையாது, பேட்டரி அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். அப்படி அடுத்த மழைக்குள் 150 ஏ.எச். பேட்டரி 80 ஏ.எச். பேட்டரி ஆகிவிடும். கொடுத்த பணம் பெரியது, கையில் நிற்பது சின்னது.

அதே இடத்தில் 60 ஏ.எச். பேட்டரியும் 60 வாட் பேனலும் இருந்தால் நாளைக்கு 13 ஏ.எச். வரும். வேலிக்கும் வீணுக்கும் போக ஐந்து மிஞ்சும். பாதி இறங்கியது ஒரு வாரத்தில் நிறைந்துவிடும். ஆக வாங்குபவரிடம் கூடுதல் பணம் இருந்தால் அதைப் பேட்டரியில் போடச் சொல்லாதீர்கள், பேனலில் போடச் சொல்லுங்கள். பேட்டரியின் ஏ.எச். அளவில் இருபதில் ஒரு பங்கு ஆம்பியராவது பேனல் தர வேண்டும், பத்தில் ஒரு பங்கு தந்தால் உத்தமம். பேனலைத் தெற்குப் பார்த்துச் சற்றுச் சாய்த்து, வெள்வேல நிழல் விழாத இடத்தில் வைக்க வேண்டும். காக்கை எச்சமும் புழுதியும் வாரம் ஒரு முறை துடைக்கப்பட வேண்டும். இது யாருக்கும் தெரியாதது அல்ல, யாரும் செய்யாதது.

வெயில் பேனலுக்கு நல்லது, பேட்டரிக்குப் பகை. 25 டிகிரி வெப்பத்தில் உழைக்கும் ஆயுள், ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ பாதியாகும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று நாமே யோசிக்கலாம். பெட்டிக்கு நிழலும் காற்றுத் துளையும் வேண்டும். அடியில் பலகை போட வேண்டும். ஆசிட் ஊற்றும் பேட்டரியையும் மெஷினையும் ஒரே மூடிய பெட்டியில் வைக்கவே கூடாது. சார்ஜ் ஏறும்போது வரும் வாயு தீப்பிடிக்கக்கூடியது, ஆசிட் ஆவி மெஷினின் உள் பாகங்களையும் அரித்துவிடும்.

வெயில் இல்லாத நாளில் வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜரில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெஷினைக் கழற்றிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். மெஷினும் வேலியும் இணைந்திருக்கும்போது லைன் சார்ஜரை மாட்டினால், சார்ஜரில் கோளாறு வந்தால் வீட்டு மின்சாரம் வேலிக்கே போக வழி உண்டு.

திரும்பி வரும் பேட்டரி

"பேட்டரி போயிருச்சுங்க, வேலி அடிக்கறதில்லை" என்று கொண்டு வருவதில் கணிசமானவை நல்ல பேட்டரிகள். கடையில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஹைட்ரோமீட்டரும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். எதையும் மாட்டாமல் சில மணி நேரம் வைத்துவிட்டு அளக்க வேண்டும். ஈய பேட்டரியில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12-க்கு வந்துவிட்டால் கால்தான். லித்தியத்தில் இந்தக் கணக்கு செல்லாது. கடைசி வரை ஒரே வோல்ட் காட்டிவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். ஆசிட் பேட்டரியில் ஆறு அறையையும் ஹைட்ரோமீட்டரில் பார்த்து, ஐந்து சமமாக இருந்து ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அந்த அறை போயிற்று, அதைக் கம்பெனிக்கு அனுப்பலாம். ஆறும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் பேட்டரியில் குற்றமில்லை, சார்ஜ் போதவில்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் வேலி அடிக்கவில்லை என்றால் பத்துக்கு ஏழு எட்டுத் தடவை எர்த்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அனுபவம். கம்பியிலிருந்து ஆட்டின் உடல் வழியாக மண்ணுக்குப் போய், மண் வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் ஷாக். காங்கேயம் பக்கத்துச் செம்மண், சரளை நிலம் கோடையில் காய்ந்து மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு முழ ராடு ஒன்றை அடித்துவிட்டு எர்த் போட்டாயிற்று என்கிறார்கள். குறைந்தது மூன்று ராடு, ஆளுயரம், மூன்று மீட்டர் இடைவெளியில், முடிந்தால் ஈரம் நிற்கும் இடத்தில் இறக்க வேண்டும். வீட்டு எர்த்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மண் மிகவும் காய்ந்த காட்டில் ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியை எர்த்தோடு இணைத்துவிட்டால், ஆடு தலையை நுழைக்கும்போது இரண்டும் பட்டு அடிக்கும். கம்பியில் புல்லும் கிளுவைக் கொம்பும் உரசினாலும் அடி குறையும். முள்கம்பியில் மின்சாரம் விடவே கூடாது, சிக்கிக்கொண்ட உயிர் விடுபட முடியாது. இவற்றையெல்லாம் நாம் கேட்டுவிட்டால் பாதிப் பேர் பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார்கள், நமக்கு நல்ல பெயரும் மிஞ்சும்.

கடையில் வைத்திருப்பது

பேட்டரி அரிசி மூட்டை போல அடுக்கி வைத்துக் காத்திருக்கும் சரக்கு அல்ல. விற்காமலே இறங்கும். வெப்பத்தில் வேகமாக இறங்கும். வந்த தேதியைச் சாக்குப்பீஸால் எழுதி, முன்னால் வந்ததை முன்னால் விற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைச் சார்ஜ் போட வேண்டும். மொத்தக் கொள்முதலில் சலுகை கிடைக்கிறது என்று ஐம்பது பேட்டரி இறக்கி ஆறு மாதம் வைத்திருப்பது சலுகை அல்ல. நாங்கள் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பும்போதே பத்துக்கு மேல் கேட்டால் இரண்டு தவணையாகத்தான் அனுப்புகிறோம்.

விற்கும் அன்றே வாரண்டி அட்டையில் தேதியும் பேட்டரி எண்ணும் எழுதி முத்திரை வைத்து, பில்லிலும் அதே எண்ணைப் போடுங்கள். எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் விலையில் கழிவு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; "அஞ்சு வருச கேரண்டி" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் பின்னால் நாம்தான் விளக்கம் சொல்ல வேண்டும். வரி விஷயத்தில், ஈய பேட்டரிக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. லித்தியத்துக்கும் அதே 18. பேனலுக்கு 5. அதனால் செட்டாக ஒரே விலை போடாமல் பில்லில் தனித்தனி வரியாக எழுதுவது நல்லது. சேர்த்து ஒரே விலையில் போட்டால் எல்லாவற்றுக்கும் கூடுதல் வரியே விழ வாய்ப்புண்டு.

கடைசியாக, மளிகைக் கடைக்காரர்களுக்கே உரிய ஒரு விஷயம். பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு விலை கழித்துக் கொடுப்பது வழக்கம். அது ஈயமும் ஆசிட்டும் நிறைந்த பெட்டி. அதைப் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பதும், தூக்கி வைத்த கையோடு சர்க்கரை நிறுப்பதும் கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும். கடைக்கு வெளியே, கூரைக்குக் கீழே, பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். சமையல் சோடாவைப் பக்கத்திலேயே வைத்திருந்தால் ஆசிட் சிந்தும்போது தூவிக் கழுவலாம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே போய்ச் சேர வேண்டும். கம்பெனி டீலரின் வண்டி புதுச் சரக்கு இறக்க வரும்போதே பழையதை எண்ணிக்கை போட்டு ஏற்றிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் சைக்கிளில் வந்து கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்கிறவருக்குக் கொடுத்தால், ஆசிட் ஊர்ச் சாக்கடையிலும் ஈயப் புகை ஊர்க் காற்றிலும்தான் கலக்கும்.